பாதி நிறைந்த பேட்டரியும் பாதியில் நின்ற ரதமும்

மாட்டுக்கு வாகடம் இருக்கிறது. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன நடக்கும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. கேமரா பேட்டரியில் சார்ஜ் நிற்காமல் போனால் என்ன செய்வதென்று சொல்லத் தமிழில் ஒரு சூத்திரம்கூட இல்லை. பேட்டரியோடு பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளைப் பிரித்தால் பாய்போல் விரிகிறது. உலகத்து மொழிகள் பலவும் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. நம் மொழிக்கு நிற்கக்கூட இடமில்லை. இப்பெருங்குறையைக் களையும் நோக்கில், செங்கல்பட்டைத் தலைமையிடமாகவும் மாமல்லபுரம் கடற்கரையைக் களமாகவும் கொண்டு இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது. ஆய்வுக்கான நல்கையை ஆய்வாளனின் அத்தை வழங்கினார். அது பெரும்பாலும் இட்லி வடிவில் இருந்தது. பின்னால் கணக்கில் வரும்.

களத் தேர்வு

ஏன் மாமல்லபுரம்? வெண்ணெய் உருண்டைப் பாறையை முதுகால் முட்டுக்கொடுத்துத் தாங்குவதுபோல் ஒரு படம், கடற்கரைக் கோயிலின் கலசத்தை இரண்டு விரலால் கிள்ளி எடுப்பதுபோல் ஒரு படம். இவ்விரண்டும் இல்லாத குடும்ப ஆல்பம் வட தமிழ்நாட்டில் அரிது. அந்தப் படங்களை எடுத்து, கையோடு பிரிண்ட் போட்டுக் கொடுத்துப் பிழைக்கும் படக்காரர்கள் கோயில் வாசலில் நிற்கிறார்கள். கழுத்தில் கேமரா, தோளில் பை, பைக்குள் குட்டி பிரிண்டர். பேட்டரி செத்தால் அன்றைய வருமானம் செத்தது. பேட்டரியைப் பற்றி ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இரண்டாவது காரணம் சட்டம் சார்ந்தது. கேனன் டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் கையேட்டில் ஒரு வரி உண்டு: வேலை செய்யும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் வரை. மழைக்கால விடியலில் மல்லைக் கடற்கரைக் காற்றைத் துணிபோல் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் தேறும். கத்திரி வெயில் காலத்துப் பிற்பகலில் வெண்ணெய் உருண்டைச் சரிவில் கால் வைத்தவன் 40 டிகிரியைப் பழைய நண்பனாக நினைத்து ஏங்குவான். ஆக, கையேட்டை எழுத்தெண்ணி மதித்தால், மாமல்லபுரத்தில் கேமரா இயங்குவதற்கு உரிமையுள்ள நேரம் தை, மாசி மாதத்து மாலைகள் சில மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் விதிமீறல்.

மூன்றாவது காரணம் கல்பாக்கம். தெற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் அணுமின் நிலையம். தலா 220 மெகாவாட் அளவில் இரண்டு உலைகள்; முதலாவது 1984-லும் இரண்டாவது 1986-லும் உற்பத்தியைத் தொடங்கின. அதே 1984-ல்தான் மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அவசரக்காரர்கள் கருத்து. அணுவைப் பிளந்து வரும் கரண்டில் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு, பாறையைக் குடைந்த கோயிலைப் படம் எடுக்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

கலைச்சொல்

பாடநூல் இதை மின்கலம் என்கிறது. மின்கலம் வாங்கினேன் என்று சொன்ன ஒரு மனிதரையும் களஆய்வில் சந்திக்க முடியவில்லை. அத்தையின் தலைமுறைக்கு அது ‘பேட்டரிக் கட்டை’. டார்ச் விளக்குக்கு இரண்டு கட்டை, டிரான்சிஸ்டருக்கு நான்கு கட்டை. அந்த விளக்குக்கே ‘பேட்டரி லைட்’ என்றுதான் பெயர். உயிர் போன உடம்பையும் தமிழில் கட்டை என்கிறோம் என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். சார்ஜ் ‘ஏறும்’, ‘நிற்கும்’, ‘இறங்கும்’. பேட்டரி ‘வீக்காகும்’, ‘உப்பும்’, ‘சாகும்’. கேமரா என்ற பொறியில் வேறெந்த உறுப்புக்கும் நம் மக்கள் இத்தனை உயிர்வினைகளைத் தரவில்லை. லென்ஸ் உடையும், அவ்வளவுதான்.

வரலாற்றுப் பின்புலம்

பழங்காலத்தில் கேமராவுக்குப் பேட்டரியே கிடையாது. ஆய்வாளனின் சித்தப்பா வைத்திருந்த அக்ஃபா கிளிக் 3-ஐ எவ்வளவு குடைந்தாலும் உள்ளே பேட்டரி போடும் இடம் இல்லை. பன்னிரண்டு படம் எடுக்கலாம்; பன்னிரண்டும் முடிந்தால் கேமரா ஓய்வெடுக்கும், சித்தப்பா எடுக்கமாட்டார்.

துன்பம் 1975-ல் தொடங்கியது. அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைக் கோத்தார். பக்கத்துக்கு நூறு புள்ளி என்ற கணக்கில் ஒரு கறுப்புவெள்ளைப் படம். அதைக் கேசட்டில் பதிய 23 விநாடி. அந்தக் கேமராவுக்குள் 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இருந்தன. பிறக்கும்போதே பதினாறும் பெற்றுப் பிறந்த குழந்தை என்று இதைச் சொல்லலாம். டிஜிட்டல் கேமராவின் வரலாறு என்பது அந்தப் பதினாறை ஒன்றாகக் குறைத்த வரலாறு. குறைந்த ஒன்றும் சரியான நேரத்தில் வீட்டில் மறந்து வைக்கப்பட்ட வரலாறு.

குறைத்தவர்கள் மூவர். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் லித்தியத்தைப் பேட்டரிக்குள் கொண்டுவந்தார். 1980-ல் ஜான் குடினஃப் கோபால்ட் ஆக்சைடைக் கண்டு வோல்ட்டை உயர்த்தினார். 1985-ல் அகிரா யோஷினோ அது வெடிக்காமல் இருக்க வழி செய்தார். 1991-ல் சோனி நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. முதலில் குடியேறிய வீடுகளில் ஒன்று கைக்கு அடக்கமான வீடியோ கேமரா. மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு என்ற அறிவிப்பு 2019 அக்டோபர் 9-ஆம் தேதி வந்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97; நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர். நாற்பது சதவீதச் சார்ஜில் வைத்துப் பராமரிக்கப்பட்டவர் என்று தெரிகிறது; ஏன் நாற்பது என்பது கருதுகோளில் வரும்.

இனி வருவதுதான் இவ்வியலின் கண்டுபிடிப்பு. அறிவிப்பு வந்து இரண்டே நாளில், அக்டோபர் 11-ஆம் தேதி, இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்துக்கு வந்தார்கள். வேட்டி கட்டிய ஒருவரும் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் வெண்ணெய் உருண்டைக்கு முன்னால் கைகோத்து நின்ற படத்தை உலகமே பார்த்தது. அங்கே கூடிய கேமராக்களின் உள்ளெல்லாம் இருந்தது எது? அந்த வாரத்துப் பரிசுக்குரிய லித்தியம்தான். ஸ்டாக்ஹோமில் கொடுத்த மரியாதைக்கு மல்லையில் நன்றிக் கூட்டம் நடந்தது என்றே கொள்ள வேண்டும். அந்த நவம்பர் 29-ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமாகவும் ஆனது. ஆய்வாளன் எதையும் வலியுறுத்தவில்லை. தேதிகளை மட்டும் அடுக்கி வைக்கிறான்.

ஓர் ஆற்றல் கணக்கு

வெண்ணெய் உருண்டையை நகர்த்த 1908-ல் ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளை ஏவினார், பாறை அசையவில்லை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஹேவ்லாக் 1900-லேயே சென்னை ஆளுநர் பதவியை விட்டுப் போய்விட்டார். யானைகள் எட்டாண்டு கழித்து யார் சொல்லிக் கிளம்பின என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிட்டு நாம் பேட்டரியிடம் வருவோம்.

கேனனின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் போடும் எல்பி-இ10 பேட்டரியின் மேல் 7.4 வோல்ட், 860 மில்லியாம்பியர் மணி என்று எழுதியிருக்கும். பெருக்கினால் சுமார் 6.4 வாட் மணி, அதாவது 23,000 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. பாறையின் எடை சுமார் 250 டன். முழுச் சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரியின் ஆற்றல் மொத்தத்தையும் வீணாக்காமல் செலவழித்தால் வெண்ணெய் உருண்டையை 9 மில்லிமீட்டர் தூக்கலாம். சுண்டுவிரல் நக அகலம். ஏழு யானையால் முடியாதது.

அத்தையின் சிறிய இட்லி ஒன்றில் 40 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், அது 46 வாட் மணி. ஒரு இட்லிக்கு ஏழு பேட்டரி! ஏழு யானை, ஏழு பேட்டரி. எண் ஒத்துப்போவதைக் கண்டு ஆய்வாளன் அன்றிரவு தூங்கவில்லை.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு தடவைக்குப் பத்து வாட் மணி என்று தாராளமாக வைத்தாலும், ஒரு யூனிட் கரண்டில் நூறு தடவை சார்ஜ் போடலாம். இக்கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, பிளக் பாயிண்டுக்கு இருபது ரூபாய் கேட்கும் கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கருதுகோள்

லித்தியம் பேட்டரி பட்டினியால் மட்டும் சாவதில்லை; வயிறு நிறைந்து சும்மா கிடப்பதாலும் சாகிறது. முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் விறைத்து நிற்கும். அந்த விறைப்பில் உள்ளேயிருக்கும் திரவம் மின்முனையோடு மெல்ல மெல்ல வேண்டாத வினை புரிகிறது. வெயில் சேர்ந்தால் வினை விரைகிறது, வாயு கிளம்புகிறது, பேட்டரி உப்புகிறது. பூரி உப்பினால் சமையல்காரிக்குப் பெருமை. பேட்டரி உப்பினால் கேமராவின் வயிற்றில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. குத்தி எடுக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

பேட்டரித் துறையில் பலரும் எடுத்தாளும் அட்டவணை ஒன்று இப்படிச் சொல்கிறது. 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு ஓராண்டு கிடந்த பேட்டரியில் எஞ்சும் கொள்ளளவு 65 சதவீதம். அதே சூட்டில் 40 சதவீதச் சார்ஜோடு கிடந்தால் 85. குளிர்ந்த அறையில், 25 டிகிரியில், அரைகுறைச் சார்ஜில் கிடந்தால் 96. ஒன்றும் செய்யாமல் அலமாரியில் இருந்ததற்கே இந்தத் தண்டனை. எனவே கருதுகோள்: பாதியில் நிறுத்துவதே பேட்டரிக்கு ஆயுள்.

இந்த உண்மையை இப்பகுதி மக்கள் முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு இரண்டு சான்றுகள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே மலைமேல் இரண்டு கழுகுகள் நாள்தோறும் உச்சி வேளையில் வந்து படைத்ததை உண்டு போகும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவை தட்டைக் காலி செய்வதில்லை. உண்டது போக மிஞ்சியது பக்தர்களுக்கு. நேரம் தவறாமை, அளவு தவறாமை, மேலே ஏறிக் குந்திக் கிடக்காமை: லித்தியம் கேட்கும் மூன்றும் இதில் உள்ளன. கழுகுகள் இப்போது வருவதில்லை.

இரண்டாவது சான்று கல்லில் இருக்கிறது. ஐந்து ரதங்களையும் போய்ப் பாருங்கள். ஒன்றுகூட முழுதாக முடியவில்லை, வழிபாட்டுக்கும் வரவில்லை. முதலாம் நரசிம்மவர்மன் இறந்ததும் வேலை நின்றது என்பது வழக்கமான விளக்கம். ஆய்வாளன் இதை மறுக்கிறான். மன்னர் இறந்தால் அரண்மனை வேலை நிற்கலாம். ஊர் முழுக்க, வளையன்குட்டை ரதம், பிடாரி ரதம் என்று எங்கே பார்த்தாலும் முக்காலில் நிறுத்தி வைத்தால் அது விபத்தாகாது, கொள்கை. எண்பது சதவீதத்தில் உளியைக் கீழே வைத்தவன் பல்லவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ரதங்கள் உப்பவில்லை என்பதே போதுமான நிரூபணம். ஒரே ஒரு நெருடல்: தருமராச ரதத்தில் மேல்தளங்கள் முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம்தான் பாக்கி. பேட்டரிப் படம் கீழிருந்து மேலே நிறையும். பல்லவர் மேலிருந்து கீழே செதுக்கினர். தலைகீழாகச் சார்ஜ் ஏற்றினார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’ இதற்கு எதிர்ச்சான்று ஆகாதா என்று கேட்கலாம். முன் உண்டது செரித்த பிறகே உண் என்பது அங்கே அறிவுரை. அது நிக்கல் பேட்டரிக்குச் சொன்னது. நிக்கல் காட்மியத்துக்கு ஞாபக சக்தி உண்டு. பாதி தீர்ந்ததும் பழக்கமாகச் சார்ஜ் போட்டால் ‘நம் வயிறு இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டிவிடும். ஆகவே முழுக்கத் தீர்த்துவிட்டுப் போடு என்றார்கள். லித்தியத்துக்கு ஞாபகமும் கிடையாது, விரதமும் ஆகாது. அடியோடு காலியாகி மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளேயிருக்கும் காவல் சுற்று கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு சார்ஜர் தட்டினாலும் திறக்காது. அதற்கு ஏற்றது நொறுக்குத் தீனி. நேரம் கிடைத்தபோது கொஞ்சம். நிக்கல் காலத்துப் பத்தியத்தை லித்தியத்துக்கு இன்றும் பின்பற்றும் பெரியவர்கள் ஏராளம். மருந்து மாறியது தெரியாமல் அனுபானத்தை மாற்றாதவர்கள்.

நிக்கலில் இன்னொரு கிளையும் உண்டு. ஃபிளாஷுக்குப் போடும் பென்சில் பேட்டரிகள். பழைய நிக்கல் ஹைட்ரைடு வகை சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்குக் கால் பங்கு ஒழுகிவிடும், காக்கைக்கு வைத்த சோறுபோல. 2005-ல் சான்யோ நிறுவனம் எனலூப் என்று கொண்டுவந்தது, ஓராண்டு கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும் வகை. இதை விளங்கிக்கொள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனால் போதும். 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். மாதக்கணக்கில் தின்னாமலும் இருக்கும். தேவைப்படும் நொடியில் பாயும். எனலூப் முதலை இனம். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விளக்குச் சமயங்கள்

சார்ஜர்களில் இரு பெரும் சமயப் பிரிவுகள் உண்டு. கேனனின் ஒருவகைச் சார்ஜரில் ஆரஞ்சு விளக்கு நிலையாக எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, பச்சையானால் நிறைந்தது. நிக்கானின் ஒருவகைச் சார்ஜரில் விளக்கு கண் சிமிட்டினால் ஏறுகிறது, சிமிட்டாமல் நின்றால் நிறைந்தது. ஒரு சமயத்தவர் மற்றவர் வீட்டுக்குப் போய், நிலையாக எரிவதைப் பார்த்து இன்னும் ஏறவில்லை என்று காத்திருந்த கதைகள் உண்டு. கேனனிலேயே எல்பி-இ6 பேட்டரிக்கான சார்ஜர் மூன்றாவது நெறியைச் சார்ந்தது: பாதிக்குக் கீழே ஒருமுறை சிமிட்டும், பாதியைத் தாண்டினால் இருமுறை, முக்காலைத் தாண்டினால் மும்முறை. பாதியில் நிறுத்த விரும்பும் பல்லவ நெறியாளர்களுக்கு இது ஒன்றே வழி. ஆனால் ராத்திரி உட்கார்ந்து சிமிட்டலை எண்ண வேண்டும். அத்தை இதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தார்.

சார்ஜ் ஏறும் வேகமும் கவனிக்கத்தக்கது. தேர் நான்கு மாட வீதியையும் விறுவிறுவென்று சுற்றிவிடும். நிலைக்கு வரும் கடைசிப் பத்தடிக்குத்தான் முட்டுக்கட்டை, கூச்சல், வியர்வை எல்லாம். பேட்டரியும் முதல் முக்கால் பங்கை ஒரே மூச்சில் ஏற்றிக்கொள்ளும். 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜர் வடத்தைத் தளர்த்திக்கொண்டே வரும். மீதிக் காலுக்குக் கிட்டத்தட்ட அதே நேரம் போகும்.

அதே எல்பி-இ6 மூடியில் பேட்டரி வடிவத்தில் ஒரு சிறு துளை இருப்பதைப் பத்தாண்டு வைத்திருந்தவர்களும் கவனித்ததில்லை. மூடியை ஒரு பக்கமாகப் போட்டால் துளை வழியே நீலம் தெரியும், திருப்பிப் போட்டால் தெரியாது. சார்ஜ் ஏறியது எது, ஏறாதது எது என்று பிரித்து வைக்கச் செய்த ஏற்பாடு. நீலம் தெரிந்தால் நிறைவு. இத்தனை எளிய அறிவை ஒரு துளைக்குள் ஒளித்து வைத்தவர் தத்துவவாதியாகத்தான் இருக்க வேண்டும்.

பரிசோதனை

ஆய்வாளனிடம் ஐந்து பேட்டரி அலகுகள் இருந்தன. ரதங்களின் பெயரையே அவற்றுக்குச் சூட்டி, துணிப்பட்டையில் எழுதி ஒட்டினான். (ரதங்களுக்கே அந்தப் பெயர் பொருந்தாது, பாண்டவருக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பின்னால் வந்தவர்கள் வைத்தது. ஆகவே பேட்டரிக்கு வைப்பதில் குற்றமில்லை.) தருமன், கேமராவோடு வந்த ஒரிஜினல். அர்ச்சுனன், பிறகு வாங்கிய ஒரிஜினல். திரௌபதி, நண்பர் ஒருவர் கடனாகக் கொடுத்துத் திருப்பிக் கேட்காதது. நகுலனும் சகாதேவனும் பென்சில் பேட்டரிகள். கல்லிலும் இருவருக்கும் சேர்த்து ஒரே ரதம்தான். இதில் ஆழ்ந்த பொருள் உண்டு: இரட்டையரைப் பிரிக்கக் கூடாது. புதியதோடு பழையதைச் சேர்த்துப் போட்டால் வலுவானது தீருமுன் நோஞ்சான் கவிழ்ந்து, தலைகீழாக மின்னேறிப் பாழாகும். ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் போட்டு, ஒன்றாகவே தீர்க்க வேண்டும்.

பீமன் சென்னையில் ஒரு கடையில் வாங்கிய டூப்ளிகேட். ஒரிஜினலில் 860 என்று போட்டிருந்த இடத்தில் இதில் 2000 என்று கொட்டை எழுத்து. விலையோ மூன்றில் ஒரு பங்கு. அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத்தில், கைகளை மேலே தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று இருக்கிறது; காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. பீமனைக் கேமராவில் போட்டதும் அந்த எலிகளின் நினைவு வந்தது. ஐம்பது படத்தில் அது தவத்தைக் கலைத்தது. எவ்வளவு மீதி என்று கேமரா கேட்டதற்கு, கடைசிவரை, நிறைந்திருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு திருமணத்துக்குப் போகவேண்டி ஐந்தையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மாடியறையில் வைத்தான் ஆய்வாளன். மாடியறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. திருமணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. டப்பா சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அங்கேயே இருந்தது. எடுத்துப் பார்த்தபோது தருமனுக்கு வயிறு தட்டுப்படத் தொடங்கியிருந்தது. கேமராவில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பீமனைப் பற்றிப் பேசவேண்டாம்.

இந்த இடத்தில்தான் அத்தையின் குறுக்கீடு நிகழ்ந்தது. சோர்ந்து கிடந்த தருமனை மேசைமேல் பார்த்த அவர், மொட்டை மாடியில் காயப்போட்ட கூழ்வடகத்துக்குப் பக்கத்தில், அதே வேட்டித் துணியில், ஓரமாக வைத்துவிட்டார்.

“டிரான்சிஸ்டர் கட்டைய வெயில்ல வெச்சு எடுத்தா ரெண்டு நாள் பாடுமேடா. இதுக்கும் கொஞ்சம் உசுரு வரட்டுமேன்னு வெச்சேன்” என்றார்.

அத்தையின் அறிவியல் பிழையில்லாதது, காலம்தான் பிழை. பழைய துத்தநாகக் கட்டையில் சூடு பட்டால் உள்ளே வினை விரைந்து கொஞ்சம் வோல்ட் ஏறும். ஓட்டுக் கூரைமேல் கட்டைகளை வரிசையாக வைத்து ஒரு நாடகம் கேட்கும் அளவுக்கு உயிர் வாங்கிய தலைமுறை அது. லித்தியத்துக்கு அதே வெயில் எமன். ஆய்வாளன் ஓடிப்போய் எடுத்தபோது வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. தருமனைக் கையில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. மணல் நிரப்பிய தகரத்தில் போட்டு, மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைத்தான். 2022-ல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் இதைக் குப்பையில் போடாதே என்கின்றன. பிளாஸ்டிக் டப்பாவில் சில்லறைக் காசோடு சேர்த்துக் கொண்டுபோகாதே என்பதை ஆய்வாளன் சேர்க்கிறான். காசு இரு முனையையும் இணைத்தால் டப்பாவுக்குள் தீபாவளி.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. புளித்த மாவுக்கும் நறுக்கிய வெங்காயத்துக்கும் நடுவே அர்ச்சுனன் ஒரு வாரம் வனவாசம் இருந்தான். வெளியே எடுத்ததும் செங்கல்பட்டுக் காற்றின் ஈரமெல்லாம் அவன்மேல் வியர்வையாகப் பூத்தது. ஏசி காரிலிருந்து இறங்கிய கையோடு கடற்கரையில் லென்ஸைத் திறப்பவர்களுக்கு நேரும் அதே பனிமூட்டம். இறுக மூடிய பைக்குள் வைத்து, பையோடு அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் வியர்க்காது. வெங்காய வாசனை போக மட்டும் வழியில்லை.

உப்பைப் பற்றி ஒரு வரி. கடற்காற்று பேட்டரியின் பொன்னிறத் தகடுகளில் மெல்லிய படலம் பூசும். கேமரா பேட்டரியை அடையாளம் தெரியாததுபோல் நடிக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வாயால் ஊதுவது தவறு, அதிலும் ஈரம் இருக்கிறது.

மறுதலைச் சான்று

இவ்வளவும் எழுதிக்கொண்டு ஆய்வாளன் ஒரு விடியலில் கடற்கரைக் கோயில் வாசலுக்குப் போனான். அங்கே நின்ற படக்கார இளைஞர் ஒருவரிடம் பேட்டரியைப் பேணும் முறையைக் கேட்டான்.

“ரெண்டு இருக்குது சார். நைட்டு போடுவேன், ஃபுல்லா ஏறிரும். காலீல எடுத்துக்கினு வந்துருவேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டும் காலி. மறுபடி போடுவேன்.”

“எண்பது சதவீதத்தில் எடுப்பதில்லையா?”

“மிச்ச இருபதுல வர்ற கஸ்டமரை நீங்க அனுப்புவீங்களா சார்?”

“எத்தனை நாளாக உழைக்கிறது?”

“ரெண்டு சீசன் தாண்டிருச்சு. கொஞ்சம் வீக்குதான். ஓடுது.”

கருதுகோள் ஆட்டம் கண்டது. நாள்தோறும் முழுக்க ஏற்றுகிறவருடைய பேட்டரி வேலைக்குப் போகிறது. பத்தியம் பேசியவனுடையது உப்பிச் செத்தது. மணலில் அரைமணி நேரம் உட்கார்ந்து யோசித்ததில் திருத்தம் பிறந்தது. அவருடைய பேட்டரி நிறைந்த நிலையில் இருப்பது விடியலுக்கு முன் சில மணி நேரம்தான். முதல் குடும்பம் வந்து கலசத்தைக் கிள்ளத் தொடங்கியதும் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. உச்சி வெயில் வரும்போது பாதியில் இருக்கிறது. அவர் எதையும் படிக்காமலே, நிறைவும் சூடும் சந்திக்காதபடி பார்த்துக்கொள்கிறார். ஆய்வாளனின் மாடியறையில் அவை இரண்டும் மூன்று மாதம் கூடிக் குடித்தனம் நடத்தின.

ஆகவே கருதுகோள் இவ்வாறு திருத்தி எழுதப்படுகிறது: நாளைக்கே படம் எடுப்பதானால் முழுக்க ஏற்று. கல்யாணம் தள்ளிப்போனால் பாதிக்கு இறக்கி, அறையில் ஆகக் குளிர்ந்த மூலையில் வை. இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை எடுத்துப் பார். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலும் காரின் முன்கண்ணாடி ஓரத்திலும் வைக்காதே. பல்லவர் பற்றிய பகுதி மாற்றமின்றி நிற்கிறது. அதை இழக்க ஆய்வாளனுக்கு மனமில்லை.

வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு செங்கல்பட்டு வீட்டுச் சமையலறையில் காலை எட்டு மணிக்கு நடந்தது. தேர்வாளர் அத்தை. ஆய்வாளன் சுருக்கத்தை வாசித்தான். தட்டில் இட்லி இருந்தது. நோபல் பரிசுக்கும் கழுகுக்கும் அவர் தலையை ஆட்டினார். வெயிலில் வைத்த நிகழ்ச்சி வந்தபோது மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆற்றல் கணக்கை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

“ஒரு இட்லி ஏழு பேட்டரியா?”

“ஆமாம் அத்தை.”

“இப்ப நீ சாப்ட்டது எட்டு.”

“ஆமாம்.”

“அம்பத்தாறு பேட்டரி உள்ள போயிருக்குது. இந்த வருஷம் நீ எத்தினி போட்டோ எடுத்தே?”

ஆய்வாளன் அவகாசம் கேட்டான். தேர்வாளர் பதில் சொல்லாமல் ஒன்பதாவதைத் தட்டில் வைத்தார்.